நான்கு மணி வெயிலும் சிறிய மொட்டை மாடியும்

சென்னையில் வீடுகளின் மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் நிழல் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மார்ச் பிறந்துவிட்டால் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பெரும்பாலோர் பொருளை முடிவு செய்த பிறகே பேசத் தொடங்குகிறார்கள். பாலிகார்பனேட் ஷீட் சதுர அடி என்ன விலை என்று ஒருவர் கேட்பார். பச்சை வலை எத்தனை வருடம் தாங்கும் என்று இன்னொருவர் கேட்பார். அவர்களிடம் நான் திரும்பக் கேட்கும் முதல் கேள்வி, அங்கே எந்த நேரத்தில் உட்காரப் போகிறீர்கள் என்பதுதான். அதற்கு விடை தெரியாமல் அளவெடுக்கும் டேப்பை நான் பையிலிருந்து எடுப்பதில்லை.

இடம் சிறியதாக இருக்கும்போது இந்தக் கேள்வி மிகவும் முக்கியமாகிவிடுகிறது. பெரிய தோட்டத்தில் நிழல் நகர்ந்தால் நாற்காலியையும் நகர்த்திக்கொள்ளலாம். பத்தடிக்குப் பத்தடி மாடியில் நிழல் நகர்ந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் விழும். மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருடைய மாடியில் இதைக் கண்ணெதிரே காட்ட வேண்டியிருந்தது. மாலை காபியோடு அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் வலை கட்டிவிட்டால் போதும் என்பது அவருடைய எண்ணம். மே மாதத்தின் நடுப்பகுதி. மாலை 4 மணிக்கு எட்டடி மூங்கில் கழி ஒன்றை வலையின் மூலை வரவேண்டிய இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டேன். கழியின் அடியிலிருந்து கோடு ஏறக்குறைய 12 அடி கிழக்கே தள்ளி இருந்தது. அந்த நேரத்தில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 34 பாகை உயரத்தில்தான் இருக்கும். எனவே பத்தடி வலையின் நிழல் முழுவதும், வலைக்குக் கீழே இருக்கும் தரையைத் தாண்டி, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் விழும்.

பெரியவர் கோட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ மேலே கட்டுற வலை எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். "மேலே கட்டுறது தரைக்குங்க ஐயா, மேற்கே கட்டுறது உங்களுக்கு" என்றேன்.

இந்தப் பதிலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மாடித் தரை காலை முதல் வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதைத் திருப்பி விடுகிறது. ஆறு மணிக்கு வெயில் இறங்கிய பின்னும் மாடியில் கால் வைக்க முடியாமலிருப்பதற்கும், மேல்தளத்து அறையில் இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலை இறைப்பதற்கும் அதுதான் காரணம். ஆகவே மாலையில் மட்டுமே மாடிக்கு வருபவருக்கும் நண்பகல் நிழல் தேவைப்படுகிறது. அந்த நிழல் தரைக்கானது. அதற்கு மேல்வலை உதவும். உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தில் நேராக அடிக்கும் மாலை வெயிலுக்குப் பக்கவாட்டில்தான் மறைப்பு வேண்டும். செலவுக்குக் கட்டுப்பட்டு இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவர்களிடம் மேற்குத் தட்டியை முதலில் கட்டச் சொல்கிறேன். தரைக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடித்துக்கொண்டு, மேல்வலையை அடுத்த கோடைக்குத் தள்ளிப் போடலாம்.

திசையைப் பற்றி நம்மிடையே நிலவும் நம்பிக்கைகள் சில சென்னைக்குப் பொருந்துவதில்லை. வடக்குப் பார்த்த பால்கனிக்கு வெயிலே வராது என்று சொல்லி வீட்டை விற்கிறார்கள். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் இறுதியில் நேர் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே விலகி மறைகிறது. அதாவது அக்கினி நட்சத்திரத்தின்போது வடக்குப் பால்கனிக்குள் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக நுழையும். தெற்குப் பால்கனியோ அந்த மாதங்களில் நேர் வெயிலே படாமல் இருக்கும். தெற்கில் வெயில் விழுவது மார்கழியை ஒட்டிய மாதங்களில்தான். அப்போது அதை யாரும் வெறுப்பதில்லை, துணி காய்வதற்கு வேண்டிக்கூடக் கேட்கிறார்கள். தெற்குப் பால்கனிக்கு நிரந்தரக் கூரை போடப் பணத்தோடு வருபவர்களை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நேரமும் திசையும் தெளிவான பிறகு காற்றைக் கணக்கிட வேண்டும். நான் மிகவும் அஞ்சும் பகுதி இது. கட்டடங்களின் மேல் விழும் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரை வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். மூன்று மீட்டர் சதுரமுள்ள ஒரு துணிக்கூரையைக் காற்று முழு வேகத்தில் பிடித்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு மேற்பட்ட இழுவை நான்கு மூலைகளுக்கும் பிரிகிறது. வலையில் காற்று ஊடுருவிப் போவதால் இழுவை குறையும். ஆனால் வலையின் அடர்த்தி கூடக் கூட அதுவும் துணியைப் போலவே நடந்துகொள்ளும். இத்தனை இழுவைக்கும் மாடியில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு செங்கல் கனமுள்ள கைப்பிடிச் சுவர். அதில் கொக்கியை அடித்து வலையை இழுத்துக் கட்டினால் வலை கிழியாது, சுவர் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த மறுநாள், தகரக் கூரைகள் தெருவில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கொக்கிகளைக் கான்கிரீட் தூணிலோ பீமிலோ மட்டும்தான் பொருத்துகிறோம். தூண் இல்லாத பக்கத்தில் இரும்புக் குழாயை நிறுத்த வேண்டுமானால், அதைச் சுவரின் வெளிமுகத்தில் தளத்தின் பீமோடு சேர்த்து முடுக்குகிறோம். மாடித் தளத்தில் துளை போடுவதற்கு நான் சம்மதிப்பதில்லை. தட்டு ஓடுகள் பதித்த தளவரிசையில் ஒரு துளை விழுந்தால், ஐப்பசி மழையில் கீழே படுக்கையறை ஒழுகும். வாடகை வீடுகளில் துளை போடும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பெரிய பெயின்ட் வாளிகளில் கான்கிரீட் நிரப்பி, அதில் குழாயை நிறுத்திச் சின்ன வலையைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் காற்று கிளம்பும்போது யாராவது ஏறிப் போய் அவிழ்க்க வேண்டும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பொருள் கடைசியில்தான் வருகிறது. தகர ஷீட் மழைக்கு நல்லது. வெயிலில் அதன் அடிப்பக்கமே சூடேறி, கீழே இருப்பவர் மேல் வெப்பத்தை வீசுகிறது. பாலிகார்பனேட்டில் வெளிச்சம் வருகிறது என்று விரும்புகிறார்கள். மூன்று பக்கமும் சுவர் உள்ள சிறிய இடத்தில் அதைப் போட்டால் சூடான காற்று மேலே போக வழியின்றி உள்ளேயே தங்கும். கூரைக்கும் சுவருக்கும் இடையே ஓரடி இடைவெளியாவது விட்டால்தான் அதற்குள் உட்கார முடியும். நிழல்வலையில் இந்தத் தொல்லை இல்லை. வெயிலில் 50, 75, 90 சதவீதத்தைத் தடுப்பவை என்று கிடைக்கும் வலைகளில் மனிதர்கள் உட்காரும் இடத்துக்கு 75 பெரும்பாலும் போதும். 90 போட்டால் காற்று குறைகிறது. பச்சை வலைக்குக் கீழே சோறும் முகமும் பச்சையாகத் தெரிவது சிலருக்குப் பிடிக்காது. கறுப்பு வலையில் சேர்க்கப்படும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால், தரமான கறுப்பு வலை நீண்ட நாள் உழைக்கிறது.

மேற்குப் பக்கத்துக்கு மூங்கில் தட்டியை மிஞ்சிய பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை. சுருட்டி ஏற்றலாம், இறக்கலாம், அறுந்தால் கயிற்றை மட்டும் மாற்றலாம். சென்னையின் அமைப்பும் இதற்குச் சாதகமாக இருக்கிறது: கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது, கொடுமையான வெயில் மேற்கிலிருந்து வருகிறது. மேற்கை மறைத்தால் காற்றை இழப்பதில்லை. மே கடைசியில் மேலைக்காற்று வறண்டு வீசும் நாட்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துவிட்டால், அதன் வழியே வரும் காற்று உண்மையிலேயே குளிர்ந்து வருகிறது. கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வந்துவிட்ட பிறகு அந்தப் பலன் குறைந்துவிடும்.

பெரியவருடைய மாடியில் மேற்கே இரண்டு தட்டிகளையும், மேலே 75 சதவீதக் கறுப்பு வலையையும் கட்டினோம். அவருடைய மனைவி மேற்குச் சுவரோரம் தொட்டிகளில் பீர்க்கும் சங்குப்பூவும் ஏற்றிவிட வேண்டும் என்றார். "கொடி படர்ந்தா தட்டியே வேண்டாமே தம்பி" என்று அந்த அம்மா சொன்னது பாதி சரி. இலை தன்னிடமுள்ள நீரை ஆவியாக்குவதால் வலையைப் போலச் சூடேறாது; ஆனால் தொட்டியில் வளரும் கொடி கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும், அடர்ந்து படரவும் சில மாதங்கள் ஆகும். அதனால் தட்டிக்கு முன்னால் கொடிக்கென்று தனியாகக் கம்பி கட்டிக் கொடுத்தோம்.

வலையின் நான்கு மூலைகளிலும், திருகி இறுக்கவும் தளர்த்தவும் கூடிய டர்ன்பக்கிள் போட்டு, அவற்றைக் கையாலேயே கழற்றும்படி வைப்பது எங்கள் வழக்கம். செப்டம்பர் முடிந்ததும் என் ஆட்கள் போய் வலையைக் கழற்றி, தூசி தட்டி, மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரி கடைசியில் திரும்பக் கட்டுவார்கள். இந்த வருடாந்தர வேலைக்கான கூலியை முதல் விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுகிறேன். அதைக் கண்டு தயங்குபவர்களிடம், வடகிழக்குப் பருவக்காற்றில் வலையை அப்படியே விட்டுவைத்தால் எத்தனை கிலோ இழுவை அந்தக் கொக்கிகளில் விழும் என்று அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.