சீ.ஆர். கொப்பியில் எழுதிய காய்ச்சல்

2025 ஜனவரி 7, செவ்வாய்

தம்பிக்கு இன்றோடு ஐந்தாம் நாள் காய்ச்சல். சீ.ஆர். கொப்பியில் காய்ச்சலை அளந்து எழுதி வருகிறேன். காலையில் 100, பின்னேரம் 102, இரவு 103 என்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. டெங்கு இல்லை என்று மூன்றாம் நாளே சோதித்தாயிற்று. போன மாதம் இங்கே யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதிலிருந்து காய்ச்சல் என்றாலே அம்மாவுக்கு நடுக்கம். நேற்றுக் காட்டிய டொக்டர் மூன்று சின்னக் கடதாசி உறைகளில் குளிசை தந்தார். உறையில் பேனையால் ‘காலை 1, இரவு 1’ என்பதைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. என்ன மருந்து என்று நானும் கேட்கவில்லை.

ஜனவரி 8

பெரியாஸ்பத்திரியில் வாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று மறித்துவிட்டார்கள். வாட்டில் நின்ற டொக்டர் பிள்ளையின் முதல் கேள்வியே “அன்டிபயோட்டிக் ஏதும் குடுத்தனீங்களோ?” உறைகளை நீட்டினேன். வெள்ளைக் குளிசை, நடுவில் ஒரு கோடு, யாருக்கு என்ன தெரியும்! மருந்து உள்ளே போயிருந்தால் கல்ச்சரில், அதாவது இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி முளைக்காமல் போகலாமாம். ஊசி தொடங்க முதலே போத்தலில் இரத்தம் எடுத்தார்கள். நெருப்புக்காய்ச்சலுக்குச் செய்கிற வைடால் என்ற இரத்தச் சோதனை செய்யலாமே என்று கேட்டேன். முன்பு எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் அது பொசிட்டிவ் காட்டும், அதை நம்பி மருந்து முடிவெடுக்கேலாது என்றார்.

ஜனவரி 11

முளைத்துவிட்டது. சல்மொனெல்லா டைஃபி என்ற கிருமி, நெருப்புக்காய்ச்சல்தான் (டைபொயிட்). சிப்ரோஃப்ளொக்சசின் என்ற மருந்துக்குக் கேட்காது, இப்போது ஏற்றுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்குக் கேட்கும். ஆனால் மூன்று நாள் ஊசி போட்டும் இன்னும் 102 காய்கிறதே என்று அம்மா அழ, டொக்டர் பிள்ளை என்னுடைய கொப்பியை வாங்கி இரவுக் கணக்கை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்: 103.2, 102.8, 102. சரியான மருந்துக்கும் இது நாலைந்து நாள் எடுத்துத்தான் இறங்குமாம். அந்த மூன்று எண்ணையும் பார்த்த பிறகுதான் அம்மா தேத்தண்ணி குடித்தார்.

ஜனவரி 14

பொங்கல். 99. கட்டிலில் இருந்து கஞ்சி குடித்தான். இந்தக் காய்ச்சலில் குடலில் வரும் புண் ஓட்டையாகிவிட்டதோ என்று தினமும் வயிற்றை அமத்திப் பார்க்கிறார்கள். திடீரென்று வயிறு நொந்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஜனவரி 20

நேற்று வீட்டுக்கு வந்தோம், இன்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அறிவித்தல் போயிருக்கிறது. காய்ச்சலுக்கு முந்திய மூன்று கிழமையும் எங்கே தண்ணீர் குடித்தான், எங்கே சாப்பிட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு கிணற்றடியிலிருந்து மலசலகூடக் குழி வரைக்கும் நடந்து அளந்தார். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியாகக் குழித்தண்ணீர் கிணற்றுக்கு வர அதிக நேரம் தேவையில்லை, அதுவும் நவம்பர் மழையில் கிணறு கட்டு வரை நிறைந்து கிடந்தது. குளோரின் போட்டார்கள். கொதித்தாறிய தண்ணீர்தான் இனி. தம்பியின் மலத்தையும் பின்னர் சோதிக்க வேண்டும், சுகமான பிறகும் கிருமி சிலரில் தங்கிவிடும்.

எங்கள் கிணற்றில் அள்ளுகிற இரண்டு வீட்டுக்கும் பின்னேரம் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் சின்னவளுக்கு நேற்றிலிருந்து உடம்பு சுடுகிறதாம். கொப்பியின் மிச்சத் தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். மணியும் காய்ச்சலும் எழுதுங்கோ, குளிசை தந்தால் பெயரைக் கேட்டு எழுதுங்கோ, நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.