8700கே ஓவர்க்ளாக்: 5.0-ல் பூட் ஆகும், 4.9-ல்தான் நிற்கும்

ஓவர்க்ளாக் என்றால் சிப்பை நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இங்கே சிப் இன்டெல் கோர் ஐ7 8700கே. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். வாங்கிய நிலையில் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடினால் 4.3 கிகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கோருக்கு 4.7. இசட்370 போர்டு, இரட்டைக் கோபுர ஏர் கூலர், 140 மி.மீ. ஃபேன் இரண்டு. மேல்மூடியைக் கழற்றவில்லை, சிலிக்கனுக்கும் மூடிக்கும் நடுவில் இருப்பது இன்டெல் வைத்த பேஸ்ட், சால்டர் அல்ல. கீழே வரும் வோல்டேஜ்கள் இந்த ஒரு சிப்புக்கானவை. அதே மாடலில் வேறொரு சிப் 0.05 வோல்ட் கூடுதலாகக் கேட்கலாம். எண்களை அப்படியே எடுத்துப் போடாமல் வேலையின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

க்ளாக் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரைத் தொடும் முன் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) சரிபார்க்க வேண்டியவை சில. மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் ஆஃப் ஆக வேண்டும். பல போர்டுகள் இதை ஆட்டோவில் வைத்து, எல்லாக் கோரையும் 4.7-க்குத் தள்ளி, வோல்டேஜையும் தாராளமாக ஊற்றிவிடும். அந்த நிலையில் குறித்த 'ஸ்டாக்' வெப்பநிலை எதற்கும் உதவாது. ரேமை அதற்கு அறிவித்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்.எம்.பி.யும் ஆஃப், ரேம் 2133-லேயே கிடக்கட்டும். க்ராஷ் ஆனால் குற்றவாளி சி.பி.யு.வா ரேமா என்ற குழப்பம் இப்போதே வேண்டாம். சிப்புக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தின் வேகத்துக்கான கேஷ் ரேஷியோவும் அப்படியே இருக்கட்டும்.

பவர் லிமிட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்டெல் கணக்கில் இந்தச் சிப்புக்கு நீண்டநேர வரம்பு 95 வாட். அது அமலில் இருந்தால், டெஸ்ட் தொடங்கிய சில நொடிகளில் க்ளாக் சத்தமில்லாமல் இறங்கும். 4.9-ல் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் ஓடியது 4.2. வரம்பை உயர்த்திவிட்டு, எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மானிட்டரிங் மென்பொருளில் எல்லாக் கோரின் க்ளாக்கும் டெஸ்ட் முழுக்க அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனையின் பாதி.

டேட்டாவை பேக்அப் எடுத்துவிட்டுத்தான் அடுத்தது. நிலையில்லாத சி.பி.யு. ஃபைலைத் தப்பாக எழுதினால் எந்த எச்சரிக்கையும் வராது.

வோல்டேஜைப் படிப்பதிலும் ஒரு வழக்கமான குழப்பம் உண்டு. வி.ஐ.டி. என்று காட்டுவது சிப் கேட்கும் வோல்டேஜ். அதற்குக் கிடைப்பது வீகோர். மேனுவல் மோடில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பயாஸில் வைத்த எண்ணும் லோடில் அப்படியே நிற்காது, கரன்ட் ஏற ஏறச் சரியும். இந்தச் சரிவைக் குறைப்பதுதான் லோடுலைன் கேலிப்ரேஷன். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் எண்கள் தலைகீழ்: ஆசஸில் பெரிய லெவல் என்றால் சரிவு குறைவு, எம்.எஸ்.ஐ.யிலும் ஆஸ்ராக்கிலும் 1 என்பதுதான் மிகத் தட்டையானது. வேறு போர்டுக்கு எழுதிய வழிமுறையைப் பார்த்து லெவல் வைப்பது ஆபத்து.

சரிவே இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. கனமான லோடு சட்டென்று விலகும்போது காயில்களில் இருக்கும் ஆற்றல் கெப்பாசிட்டர்களுக்குள் பாய்ந்து, வோல்டேஜ் மைக்ரோநொடிக் கணக்கில் மேலே எகிறும். மானிட்டரிங் மென்பொருள் அதைக் காட்டாது, ஆஸிலாஸ்கோப்புக்குத்தான் தெரியும். கொஞ்சம் சரிவு இருந்தால் அந்த எகிறல் பயாஸ் எண்ணுக்குப் பக்கத்திலேயே அடங்கும். ஆகவே நடுத்தர லெவல். பயாஸில் 1.310 வைத்தால் லோடில் 1.28. இனி வரும் எண்கள் எல்லாம் லோடில் படித்தவை.

4.7: 1.18 வோல்ட். 4.8: 1.22. இரண்டிலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஓட்டியவை: வேகச்சோதனை மென்பொருள் சினிபெஞ்ச் ஆர்20, பிறகு சிப்பைக் கணக்குப் போடவைத்து வதைக்கும் பிரைம்95-ன் ஸ்மால் எஃப்.எஃப்.டி. சோதனை, கனமான ஏ.வி.எக்ஸ். கட்டளைகளை அணைத்த நிலையில் முப்பது நிமிடம். ஸ்மால் எஃப்.எஃப்.டி. கணக்கு முழுக்கக் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் ரேம் நடுவில் வராது. தோற்றால் பெரும்பாலும் கோர் வோல்டேஜ்தான் போதவில்லை.

4.9: 1.25-ல் பிரைம்95-ன் ஒரு வொர்க்கர் (ஒரு த்ரெட்டில் ஓடும் கணக்கு) 'ரவுண்டிங் 0.5' என்று, அதாவது கணக்கு தப்பிவிட்டது என்று சொல்லி நின்றது. மெஷின் தொங்கவில்லை, நீலத்திரையும் இல்லை, மற்ற பதினோரு வொர்க்கரும் ஓடிக்கொண்டிருந்தன. டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. உபயோகம் நூறிலிருந்து தொண்ணூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியதுதான் ஒரே அடையாளம். டெஸ்ட்டை ஓடவிட்டு எழுந்துபோகிறவர்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொரு வொர்க்கரையும் பார்க்க வேண்டும். 1.28-ல் எல்லாம் ஓடின. மிகச் சூடான கோர் 83 டிகிரி.

5.0 வேறு கதை. 1.30-ல் விண்டோஸ் வந்தது, சினிபெஞ்ச் அடுத்தடுத்து முடிந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து '5 கிகாஹெர்ட்ஸ்' என்று காட்டுவதற்கு இது தாராளம். பிரைம்95 தொடங்கியதும் 'க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' நீலத்திரை. ஒரு கோர் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்பதே அதன் பொருள், இன்டெல் ஓவர்க்ளாக்கில் பெரும்பாலும் வோல்டேஜ் பற்றாக்குறை. 1.33-ல் பிரைம்95 அரை மணி நேரம் தாண்டியது. ஆனால் எக்ஸ்265 வீடியோ என்கோடிங் ஓடியபோது விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், ஹார்டுவேர் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர், ஈவென்ட் 19, 'இன்டர்னல் பேரிட்டி எரர்' என்ற பதிவு. ஹார்டுவேரே திருத்திக்கொண்ட பிழை என்பதால் திரையில் எதுவும் தெரியாது. இன்று திருத்திக்கொண்டதை நாளை திருத்த முடியாமல் போகலாம். இந்தப் பதிவு ஒன்று வந்தாலும் அந்த அமைப்பு தோல்வி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1.36-ல் பிழைப் பதிவுகள் நின்றன. வெப்பம் 95-ஐத் தொட்டது. இந்தச் சிப்பின் எல்லை 100.

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தோடும் க்ளாக்கோடும் சேர்ந்து ஏறும். 4.9-லிருந்து 5.0-க்கு வேகம் கூடுவது 2 சதவீதம். வோல்டேஜ் 1.28-லிருந்து 1.36-க்குப் போனால் வர்க்கத்தில் 13 சதவீதம். பெருக்கினால் சுமார் 15 சதவீதம் கூடுதல் வெப்பம், கசிவுக் கரன்ட்டைச் சேர்க்காமலே. 2 சதவீத வேகத்துக்காக 15 சதவீத வெப்பத்தை வாங்குவது என் பார்வையில் வீண். மூடியைக் கழற்றி லிக்விட் மெட்டல் போட்டால் இந்தச் சிப்பில் 15, 20 டிகிரி குறையும், 5.0-ம் வசப்படும், ஆனால் கேலியம் அலுமினியத்தை அரிக்கும், கைதவறினால் சிப்பே போகும். டேட்டாஷீட்டில் 1.52 வோல்ட் என்று இருப்பதைக் காட்டி இன்னும் ஏற்றலாம் என்பார்கள். அது வி.ஐ.டி. எண்ணின் மேல்வரம்பு, தினசரி லோடுக்கான அனுமதி அல்ல. ஆகவே 4.9.

ஏ.வி.எக்ஸ். கட்டளைகள் அதே க்ளாக்கில் அதிகக் கரன்ட் இழுக்கும். 4.9-ல் ஏ.வி.எக்ஸோடு பிரைம்95 ஓட்டினால் 100 டிகிரியில் முட்டிக் க்ளாக் இறங்கியது. ஏ.வி.எக்ஸ். ஆஃப்செட் 2 வைத்ததும் அந்த வேலைகளுக்கு மட்டும் 4.7, அப்போதும் வெப்பம் 90-க்கு மேல்தான், பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டவில்லை. ஒரு கோரில் ஏ.வி.எக்ஸ். வந்தாலும் எல்லாக் கோரும் சேர்ந்து இறங்கும். சில விளையாட்டுகளும் இதைப் பயன்படுத்துவதால், 'ஓவர்க்ளாக் திடீரென்று 4.7 காட்டுகிறது' என்று பதற வேண்டாம்.

கோர் உறுதியான பிறகு எக்ஸ்.எம்.பி. ஆன், 3200. ஆட்டோவில் விட்டால் போர்டு ரேம் தொடர்பான வோல்டேஜ்களான வி.சி.சி.ஐ.ஓ.வையும் சிஸ்டம் ஏஜென்ட்டையும் தேவையில்லாமல் உயர்த்தும், கையால் 1.15 வைத்தாலே போதுமானதாக இருந்தது. இப்போது ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிரைம்95 ப்ளெண்டு, பிறகு ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட். கோர் ஏற்கனவே பாஸ் என்பதால் இங்கே வரும் பிழை ரேம் பக்கம்தான்.

கடைசியாக, மேனுவலிலிருந்து, சும்மா இருக்கும்போது வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும் அடாப்டிவ் வோல்டேஜுக்கு மாற்றம். ஆஃப்செட் வோல்டேஜ் மோடைத் தவிர்த்தது ஒரு காரணத்தோடுதான்: அது எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற வளைவு முழுவதையும் நகர்த்தும். மைனஸில் வைத்தால் பிரைம்95 மணிக்கணக்கில் ஓடிய மெஷின், ஒரு பிரவுசர் டேப் திறந்த நிலையில் சும்மா கிடக்கும்போது செத்துப்போகும். அடாப்டிவ் டர்போ எல்லையை மட்டும் தொடும். மாற்றியதும் லோடு வோல்டேஜ் 1.28-க்கு மேல் போய் நின்றது. போர்டு வைத்திருந்த ஏ.சி. லோடுலைன் மதிப்பு (மேலே சொன்ன லோடுலைன் கேலிப்ரேஷன் அல்ல, தனி அமைப்பு) வி.ஐ.டி.யோடு சேர்ந்ததுதான் காரணம். அதை 0.01 ஆக்கியதும் அடங்கியது. 0.015 வோல்ட் கூடுதல் வைத்து முடித்தாயிற்று. அறை சூடானால் சிப்புக்குத் தேவையும் கூடும்.

கன லோடு மட்டும் போதாது, ஏறி இறங்கும் லோடும் வேண்டும். சினிபெஞ்சை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது, ஸ்லீப்பில் போட்டு எழுப்புவது, இரவு முழுக்க அணைத்துவிட்டுக் காலையில் குளிர்ந்த நிலையில் பூட் செய்வது. ஸ்லீப்பிலிருந்து எழுந்தபின் மல்டிப்ளையரும் வோல்டேஜும் பழையபடி இருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது பயாஸில் உள்ளவை: மல்டிப்ளையர் 49, ஏ.வி.எக்ஸ். ஆஃப்செட் 2, கேஷ் 44, அடாப்டிவ் 1.325, லோடுலைன் நடுத்தரம், ரேம் 3200. பயாஸ் அப்டேட் செய்தால் சேமித்த ப்ரொஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும். புதிய பதிப்பு பழைய ப்ரொஃபைலை ஏற்பதும் நிச்சயமில்லை. அதனால் இந்த வரி தாளிலும் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது.