ஹெரால்டு எஞ்சினை வீட்டிலேயே இறக்கி ஏற்றலாம்

எஞ்சினைக் கீழே இறக்கணும் என்று மெக்கானிக் சொன்ன நாளோடு எத்தனையோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகள் ஓரங்கட்டப்பட்டு, தார்ப்பாய் மூடி, அப்படியே துருப்பிடித்துப் போகின்றன. எனக்கு இது பெரிய வருத்தம். ஏனென்றால் வீட்டு வாசலில் எஞ்சின் இறக்குவதற்கு இதைவிடத் தோதான கார் நான் பார்த்ததில்லை.

1950-களில் இங்கிலாந்தில் டிரையம்ஃப் கார்களுக்கு பாடி செய்து தந்துகொண்டிருந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஒரே துண்டாக பாடி அடிக்க ஆளில்லை. அதனால் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் இணைத்தார்கள், அதுதான் 1959-இல் வந்த ஹெரால்டு. 1961 முதல் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் நம் மெட்ராஸிலேயே செய்தார்கள், பின்னாளில் வந்த நாலு கதவு மாடல் இங்கே மட்டும்தான் உண்டு. அன்றைய அந்த நெருக்கடிதான் இன்று நமக்கு வசதி. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். லைட் ஒயர்களைப் பிரித்து, முன்னால் இருக்கும் கீல் போல்ட்டுகளைக் கழற்றினால் ரெண்டு பேர் பானெட்டை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

என் வண்டியில் பிரச்சினை திரஸ்ட் வாஷர், அதாவது எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வாஷர். இந்த 948 சிசி எஞ்சினின் பலவீனமே அதுதான். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது, அந்தச் சுமை முழுக்க பின் மெயின் பேரிங் பக்கத்தில் இருக்கும் அரைவட்ட வாஷரில்தான் விழும். ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் ஆட்டம் சரி, கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு நகர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். தேய்மானம் மட்டும்தான் என்றால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிடலாம். வாஷர் கழன்று விழுந்து கிராங்க் நேராக பிளாக்கில் உரச ஆரம்பித்துவிட்டால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும், என் வண்டி அந்த நிலைக்கு வந்திருந்தது.

இறக்குவது பெரிய வித்தை இல்லை. பேட்டரி, ரேடியேட்டர், கார்புரேட்டர், பெட்ரோல் பைப், டைனமோ ஒயர், ஸ்டார்ட்டர், சைலன்ஸர் பைப் ஜாயின்ட், இப்படி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், பிரிக்கும் முன் போனில் படம் எடுத்து, ஒயருக்கு ஒயர் டேப் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டேன். காருக்குள் முன் சீட்டுகளையும் நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ் மூடியையும் எடுத்தால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் கைக்கு எட்டும், மற்ற கார்களில் படுத்துக்கொண்டு தடவித் தேட வேண்டிய போல்ட்டுகள் இவை. எஞ்சினைத் தூக்கும் முன் கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட வேண்டும். போர்ட்டிகோ சீலிங் கொக்கியில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள், அது ஊஞ்சலுக்குப் போட்ட கொக்கி. வாடகைக்கு இரும்பு முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் கிடைக்கும். தொங்குகிற எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

கிராங்க்கை லேத்துக்குக் கொடுத்து, வாஷர் உட்காரும் முகத்தைச் சரிபார்த்து, அளவுக்கு ஏற்ற வாஷர் போட்டோம். வாஷரில் எண்ணெய்க் காடி இருக்கும் பக்கம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் கசிவு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

பொறுமை தேவைப்படுவது ஏற்றும்போதுதான். கிளட்ச் பிளேட் நட்டநடுவில் இருந்தால்தான் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போகும். பழைய ஷாஃப்ட் ஒன்றை உள்ளே விட்டு நடுவாக்கி, அப்புறம்தான் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கினோம். அப்படியும் கடைசியில் ஒரு விரல் இடைவெளி நின்றுவிட்டது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, இழுத்தீங்கன்னா பிளேட் போயிடும், ஹவுசிங்கே விரிசல் விட்டாலும் விட்டுடும், கியரைப் போட்டுட்டு புல்லியை மெதுவா சுத்துங்க" என்றார் உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன். அவர் எஞ்சினை லேசாக ஆட்டிக்கொடுக்க, நான் புல்லியைச் சுற்றினேன். ஷாஃப்ட் பல்லோடு கிளட்ச் பிளேட்டின் பல் சேர்ந்ததும் எஞ்சின் தானாகப் பின்னால் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டோம். அதன்பிறகு பிளக்குகளைப் போட்டு, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் ஒயர்களை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் பிடித்துக்கொண்டது. சூடாகி முழுக்க ஆறிய பின் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியை 0.010 அங்குலம் வைத்து மறுபடி பார்த்தோம்.

இப்போதெல்லாம் சிக்னலில் நின்றால் உடனே நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதை இன்றைக்கே தொடங்கலாம்.