ஸ்கிரைப் வைத்து குரூப் 4 எழுதுபவர்களுக்கு

பார்வையற்ற தம்பி தங்கைகள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்தப் புத்தகம் படிக்கணும்?" என்றுதான். எல்லாரும் படிக்கிற அதே பள்ளிப் பாடநூல்கள்தான். நமக்கு அதோடு இன்னொரு பயிற்சியும் வேண்டும்: ஸ்கிரைப், அதாவது நமக்காகக் கேள்வியை வாசித்து, நாம் சொல்லும் விடையைக் குறிப்பவர், வாசிப்பதைக் காதால் வாங்கி, விடையை வாயால் சொல்லும் பயிற்சி. இதற்குப் பலர் நேரமே ஒதுக்குவதில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

குரூப் 4-இல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது மத்திய அரசு வழிகாட்டுதல். அந்தக் கணக்கில் நமக்கு நான்கு மணி நேரம், அதாவது கேள்விக்கு 72 விநாடி. கேட்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் கூற்று, காரணம் மாதிரி நீளமான கேள்வியை வாசித்து முடிக்கவே பாதிக்கு மேல் போய்விடும். "இன்னொரு தடவை வாசிங்க" என்றால் மீதியும் போச்சு.

பொருத்துக கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். சேரர், சோழர், பாண்டியர், பல்லவர் ஒரு பக்கம். மறுபக்கம் 1. மீன், 2. நந்தி, 3. வில், 4. புலி. இரண்டு பட்டியலையும் வாசித்ததும் ஸ்கிரைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். மனதிலேயே 3, 4, 1, 2 என்று பொருத்திவிட்டு, "இந்த வரிசை எதில் இருக்கு?" என்று கேளுங்கள். நான்கு விடைகளையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சோழருக்குப் புலி என்பது மட்டும்தான் உறுதியா? "இரண்டாவது இடத்தில் 4 எதிலெல்லாம் வருது?" என்று கேட்டால் பாதி விடைகள் அங்கேயே கழியும்.

கணக்கில் ஆபத்து வேறு மாதிரி. "வர்க்கமூலம் 16 கூட்டல் 9" என்று வாசித்தால், 9 மூலத்துக்குள் இருக்கிறதா, வெளியிலா? உள்ளே என்றால் விடை 5, வெளியே என்றால் 13. அதனால் தேர்வு தொடங்கும் முன்பே, "மூலம், அடைப்புக்குறி எல்லாம் எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு சொல்லுங்க" என்று ஸ்கிரைப்பிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். விடை சொன்னதும் கேள்வி எண்ணையும் எழுத்தையும் அவர் திருப்பிச் சொல்லட்டும்: "37, சி." தெரியாத கேள்வியையும் வெறுமனே விடக் கூடாது, 'விடை தெரியவில்லை' என்பதற்கான ஈ (E) வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பழைய வினாத்தாளை வாசிக்க அம்மாவையோ நண்பரையோ மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்குப் பழகிய குரல் அது. பக்கத்து வீட்டு பிளஸ் டூ மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். தேர்வு அறையில் வருபவர் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிப்பவராகவும் இருக்கலாம். எனக்கு அப்படி ஒருவர் வந்திருக்கிறார்.

சரி, படிப்பதற்கு. தமிழ் பிடிஎஃப் பலவும் யூனிகோடில் இருப்பதில்லை. திரையில் இருப்பதை நமக்கு வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் அதை ஏதோ புரியாத எழுத்தாக வாசிக்கும். அந்தக் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் படிக்கிற மாதிரி கிடைத்துவிடும். அட்டவணைகள் மட்டும் கலைந்து வரும். அந்தப் பக்கங்களை யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம், ஸ்கிரைப் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். பிரெயில் சிலேட், கணக்குப் போட உதவும் டெய்லர் பலகை கொண்டுபோக, முன்பு சொன்ன மத்திய அரசு வழிகாட்டுதலிலேயே இடம் உண்டு. அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.