தும்பைக்கு என்ன வண்ணம்?

ஜூலை 28, கோத்தகிரி

பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் பூக்களைச் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்து, கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். காந்தள் தகட்டை இன்று அரிக்கப் போட்டேன். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு வெளியே தெரியும். திரவம் அங்கே மட்டும் அரிக்கும். நைட்ரிக் அமிலப் புகை நம் வீட்டுக்கு ஆகாது. சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்கும் ஃபெர்ரிக் குளோரைடுதான். இந்தக் குளிரில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் தட்டை வெந்நீரில் நிறுத்திவைத்தேன். கீறலில் கசடு தங்காமல் இருக்கத் தகட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும்.

ஜூலை 31

நல்ல அச்சு. இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றும் இடம் தெளிவாக விழுந்திருக்கிறது. மழையில் மைதான் காயவில்லை. காயாத மையின்மேல் வாட்டர்கலர் வைத்தால் கறுப்பு கலங்கிவிடும்.

சும்மா இருந்த நேரத்தில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் நீலகிரித் தாவரப் படங்களைப் பார்த்தேன். 1840களில் வரத் தொடங்கியவை. அவையும் கையால் வண்ணம் தீட்டியவைதான், ஆனால் செம்பில் கீறியதல்ல, கல்லில் வரைந்து எடுத்த கல்லச்சு. வைட்டுக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று பெயர் வைத்தார் வைட். வகைப்பாட்டில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகஸ்ட் 6

காந்தளுக்கு ஒரே சிவப்பைப் பூசினால் பொய். இதழ் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுக்கச் சிவக்கும். ஒரே கொடியில் எல்லா வயதும் இருக்கும். மேல் பூவுக்குப் பச்சை, கீழ்ப் பூவுக்குக் குங்குமம். திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடுவது வண்டும் மொய்க்காத காந்தள். கிழங்கில் கொல்சிசின் நஞ்சு உள்ள செடி மலைக்கடவுளின் தலையில்!

ஆகஸ்ட் 11

மேட்டுப்பாளையத்திலிருந்து மாமா கொண்டுவந்த தும்பையை வைத்துப் போட்ட தகடு இன்று அச்சாகிவிட்டது. சித்தி எட்டிப் பார்த்து, "வெள்ளைப் பூவுக்கு எதுக்குடி கலர்?" என்றார். சரியான கேள்வி. வெள்ளைச் சாயத்தைத் தொடவே போவதில்லை, தாளின் வெள்ளைதான் பூ. கணுவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை நிழல் வைத்தால் உதடு மாதிரி நீண்ட இதழ் தானாக முன்னே வந்துவிடும்.

அச்சு வாங்க விரும்பும் சென்னை நண்பர் ஒருவர், போர்ப்பூ ஆயிற்றே, பின்னணியில் சிவப்பு வேண்டும் என்கிறார். முடியாது என்றுவிட்டேன். பழந்தமிழ்ப் போரில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பூ: பகைவரின் ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மதிலைக் காக்க நொச்சி, நேருக்கு நேர் மோதும்போது இரு படையும் சூடுவது தும்பை. நிறத்தைப் பார்த்து வந்த பொருள் இல்லை இது. யார், எந்தச் செயலுக்குச் சூடினார்கள் என்பதில் வந்தது. வேட்டி வெளுப்புக்கு உவமை சொல்லும் இதே பூவைத்தான் சாகத் துணிந்தவன் சூடினான். சிவப்பைப் பூசினால் அந்த அதிர்ச்சியே போய்விடும்.

வெற்றிக்கு வாகை. அது கோடையில்தான் பூக்கும். அதுவரை வெட்சி, கோயில் நந்தவனத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.