118/2 இல்லை, 118/2ஏ1

வீட்டு முன்பக்கம் சும்மா கிடந்த இடத்தில் ஒரு மாவு மில் போட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஊரின் முழுமைத் திட்டத்தில் (எந்த இடம் எதற்கு என்று வகுத்து வைத்திருக்கும் திட்டம்) எங்கள் தெரு குடியிருப்புப் பகுதியாக இருப்பதால் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டியதாயிற்று. போன வாரம்தான் ஆணை கைக்கு வந்தது. மொத்தம் 14 மாதம்.

முதலில், உங்களுக்கு இந்த மாற்றம் தேவைதானா என்று பார்த்துவிடுங்கள். 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், குடியிருப்புப் பகுதியிலேயே நடத்தக்கூடிய சின்னக் கடைகளுக்குப் பட்டியல் உண்டு. மளிகை, தையல் என்றால் இந்த அலைச்சலே இல்லாமல் போகலாம். நான் மிளகாய் அரைக்கிற மோட்டார் வைக்க ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன்.

பத்திரம், பட்டா, வில்லங்கம், புல வரைபடம், வக்கீல் கருத்துரை எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டன. உள்ளாட்சி மன்றத் தீர்மானத்துக்கு மூன்று கூட்டம் ஆனது. முதல் கூட்டத்தில் என் மனு பொருள் நிரலிலேயே இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் கடைசியில். அதற்குள் குடிநீர்ப் பிரச்சினையில் பாதிப் பேர் வெளிநடப்பு. மனு கொடுத்தால் போதாது, நிரலில் ஏறிவிட்டதா என்று கூட்டத்துக்கு முன்பே போய்க் கேளுங்கள்.

அப்புறம் விளம்பரம். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று நாளிதழ்களில் வெளியிட வேண்டும், செலவு நம்முடையது. வாசகத்தை அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே எழுத்தர் அதை நீட்டினார். பெயர், கதவு எண் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேப்பருக்கும் சேர்த்து 11,400 ரூபாய்.

விளம்பரம் வந்த அன்று காலையிலேயே வாசலில் ஆறு பேர். "எங்க வீட்டையெல்லாம் எதுக்குப்பா கடையா மாத்துறே?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் பேப்பரை மடித்து, ஒரு வரியைப் பேனாவால் சுழித்துக் காட்டினார். என் இடத்தின் சர்வே எண் 118/2ஏ1. அச்சில் இருந்தது வெறும் 118/2. அது உட்பிரிவு செய்வதற்கு முந்தைய பழைய தாய் எண். தெருவில் பாதியும் பிள்ளையார் கோயிலும் அதற்குள் அடக்கம்.

அலுவலகத்துக்கு ஓடினேன். "நீங்கதானே படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் அதே எழுத்தர். திருத்தம் போடலாமா என்று கேட்டால் 'பாக்கலாம்' என்றார். இரண்டு மாதம் அந்தப் 'பாக்கலாம்'தான். கடைசியில் கோப்பை நகர்த்தியது வாத்தியார் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை. சர்வே எண்ணே தவறு என்று அவர் எழுத்தில் கொடுத்துவிட்டதால் அதை ஒதுக்க முடியவில்லை. புது விளம்பரம், மறுபடியும் பணம், ஆட்சேபணைக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து கெடு. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதுதான் இறங்கியது. அதே பிழையோடு அரசிதழ் வரை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் மனிதர் விடவில்லை. இரண்டாவது விளம்பரத்துக்கும் ஆட்சேபணை கொடுத்தார். இந்த முறை சத்தம், மிளகாய் நெடி. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு, நியாயமான பேச்சு. நேரில் போய் உட்கார்ந்தேன். புகைபோக்கியைப் பின்பக்கம் திருப்புவது, மாலை ஐந்துக்குமேல் மிளகாய் அரைப்பதில்லை என்று பேசி முடித்து, அதை எழுதி இருவரும் கையெழுத்திட்டு விசாரணையில் கொடுத்தோம். உங்களுக்கும் ஆட்சேபணை வந்தால் விசாரணைத் தேதி வரை காத்திருக்காமல் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.

களஆய்வு, கட்டணம், 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4)-ன்படி அரசாணை எல்லாம் அதன்பின் தானாக நடந்தன. கடைசி வரைவில் மட்டும் அந்த 'ஏ1'-ஐ நானே விரல் வைத்து மூன்று முறை படித்தேன். எழுத்தர் முறைத்தார்.

ஆணை வந்ததும் மோட்டாருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துவிட்டேன். இது நிலத்தின் வகையை மாற்றியது மட்டும்தான். அதே சட்டத்தின் 49-வது பிரிவின்கீழ் மில் அமைக்கத் திட்ட அனுமதி தனி, தொழில் உரிமம் தனி, மின் இணைப்பு தனி. திட்ட அனுமதிக்கு வில்லங்கச் சான்று இன்றைய தேதி வரை வேண்டுமாம். என்னிடம் இருப்பது 14 மாதப் பழசு. நேற்றுத்தான் புதிதாக விண்ணப்பித்தேன், சர்வே எண்ணை நானே அடித்து.