வேர்டில் பாம்பன் பாலம்: இதுவரை வரைந்தது

பாம்பன் புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். 1 சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்று கணக்கு வைத்தால் 14.5 செ.மீ. அதன் இருபுறமும் உள்ள சாதாரண கண்கள், அதாவது தூணுக்குத் தூண் இடைப்பட்ட பகுதிகள், ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், அதாவது 3.66 செ.மீ. மூன்றையும் கூட்டினால் 21.82 செ.மீ. ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பினால் ஓரம் விட்டும் தாராளமாக இடம் இருக்கிறது. இந்தக் கணக்கு சரியாக வந்த பிறகுதான் வேர்டில் வரைய உட்கார்ந்தேன். வரைவதற்கென்றே வேறு மென்பொருள்கள் உண்டு. ஆனால் பகல் முழுவதும் மனுக்களும் விண்ணப்பங்களும் தட்டச்சு செய்யும் எனக்குக் கைக்கு எட்டியது வேர்டுதான். அதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க ஆசை.

முதல் வேலை, இன்சர்ட் பட்டியில் ஷேப்ஸ் திறந்து, அடியில் இருக்கும் டிராயிங் கேன்வாஸைப் பக்கத்தில் போட்டுக்கொள்வது. இது படத்துக்கான தனிக் களம். இது இல்லாவிட்டால் மேலே ஒரு வரி கூடுதலாக எழுதினாலும் கோடுகள் தாங்கள் ஒட்டியிருக்கும் பத்தியோடு நகர்ந்து, ஒன்று இங்கும் ஒன்று அங்கும் சிதறும். மூன்று சிறுகோடு தட்டி என்டர் அழுத்தினால் வருகிற நீளக் கோட்டையும் படத்துக்கு நம்ப வேண்டாம். அது வரைந்த கோடு அல்ல, பத்தியின் ஓரம். மவுஸால் பிடித்து நகர்த்த முடியாது.

தண்டவாளத்துக்கு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கோடு இழுத்தேன். ஷிஃப்ட் இருந்தால் கோடு கோணல் போகாது. செவ்வகம் சதுரமாகும், நீள்வட்டம் வட்டமாகும். இழுத்து முடித்ததும் நீளத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதில்லை. அளவுக் கட்டத்தில் 14.5 என்று எண்ணாகவே எழுதிவிடுகிறேன். இந்த ஒரு பழக்கமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. தூக்குப் பகுதியின் இரும்புச் சட்டத்தை என் வசதிக்குப் பத்துக் கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். 1.45 செ.மீ. அகலத்தில் ஒரே ஒரு கட்டத்தை மூலைவிட்டத்தோடு வரைந்து, எல்லாக் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்து குரூப் செய்து, கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து அழுத்தியபடி பக்கவாட்டில் இழுத்தால் அதன் நகல் அதே மட்டத்தில் வந்து நிற்கிறது. பத்தும் வந்த பிறகு இடைவெளியைச் சமமாகப் பங்கிட அலைன் பட்டியில் வழி உண்டு.

பாலம் தூக்கிய நிலை இன்னும் எளிது. புதிய பாலம் படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் உயர்கிறது. சட்டம் முழுவதையும் நகலெடுத்து, செங்குத்து இடத்தில் 3.4 செ.மீ. குறைத்து, கோட்டைப் புள்ளிக் கோடாக மாற்றினேன். கீழே ஒரு விசைப்படகு போகிறது.

மனம் முழுதும் இழுத்துக்கொண்டது 1914-இல் திறந்த பழைய பாலம்தான். 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோன பாலம். அதன் நடுப்பகுதி ஷெர்சர் முறையில் அமைந்தது. இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு பக்கமாக நிமிரும். அது திறப்பதைக் கடலில் இருந்தபடியே பலமுறை பார்த்தவர் பாம்பன் தெற்குவாடியில் இருக்கும் எங்கள் மாமா. வரையத் தொடங்குமுன் அவரிடம் கேட்டேன்: "மாமா, நிமிரும்போது அடிப்பக்கம் நின்ற இடத்திலேயே நிற்குமா?"

"நிற்காது மாப்பிள்ளை. நுனி மேலே போகப் போக அடி கரைப் பக்கமாக உருண்டுகொண்டே போகும்."

வேர்டுக்கு இது பெரிய சோதனை. அதில் எந்த வடிவத்தைச் சுழற்றினாலும் தன் நடுப்புள்ளியைச் சுற்றியே சுழலும். பாலத்தின் பாதி அதன் அடியைச் சுற்றி நிமிர வேண்டும். வழி கிடைத்தது. 7 செ.மீ. நீளத்தில் வலது பாதியை வரைந்து, அதன் அடியில் சக்கரத் துண்டுபோல உருளும் வளைவின் மையத்தை நடுவாக வைத்து 15 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்கு நிறமும் கிடையாது, வெளிக்கோடும் கிடையாது. கண்ணுக்கே தெரியாது. பாலத்தின் பாதி முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டையும் குரூப் செய்தால் குரூப்பின் நடுப்புள்ளி வட்டத்தின் மையம்தான். சுழற்சி இடத்தில் 45 என்று எழுதினேன். நுனி நிமிர்ந்தது, மையம் அசையவில்லை. அந்த நேரத்தில் வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

அடுத்து உருளும் தூரம். சக்கரம் உருளும் கணக்கேதான் இதற்கும்: ஆரத்தை, ரேடியனில் அளந்த கோணத்தால் பெருக்க வேண்டும். என் படத்தில் அடி வளைவின் ஆரம் 2 செ.மீ. 45 டிகிரி என்பது சுமார் 0.785 ரேடியன், ஆகவே 1.57 செ.மீ. வருகிறது. இடது பாதியை அவ்வளவு இடப்பக்கமும், வலது பாதியை அவ்வளவு வலப்பக்கமும் தள்ளினேன். மாமா திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

அச்செடுக்கும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்கும் தேர்வை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவு போய்விடும். வந்த தாளில் அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். 14.5 இருக்கிறது.

இனி 1988-இல் திறந்த சாலைப் பாலம். நடுவில் உயர்ந்து இறங்கும் அந்த வளைவுக்கு நேர்கோடு உதவாது. கர்வ் கருவியில் மூன்று புள்ளி வைத்து, எடிட் பாயின்ட்ஸ் திறந்து, நடுப்புள்ளியின் இரு கைப்பிடிகளையும் ஒரே மட்டத்தில் இழுத்துப் பார்க்கப்போகிறேன்.